செவ்வாய்க்கிழமைக் கணக்கு வகுப்பு

கெசியா அப்பாவுக்கு,

பிள்ளையை நீங்கள் படிப்பிக்கும் பாடசாலையிலிருந்து விலக்கியதற்காகக் கோபித்துக்கொண்டு பல்லேபொலயில் உங்கள் அக்கா வீட்டிலேயே இருக்கிறீர்கள். அன்று உங்கள் கணக்கு வகுப்பில் அவளுக்கு நடந்ததை நான் எழுதப்போவதில்லை.

உக்குவளையில், பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கும் ஆறு கிறிஸ்தவக் குடும்பங்கள் செவ்வாய்தோறும் நயோமி அக்கா வீட்டில் கூடி வகுப்பு நடத்துகின்றன. நானும் கெசியாவும் அதில் சேர்ந்துவிட்டோம்.

முதலில் ஆளுக்கொரு வரி ஜெபம். கெசியாவின் முறை வந்ததும் வழக்கம்போல் திக்கியது. நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். நயோமி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க தங்கச்சி, புள்ளையே சொல்லும். நமக்கென்ன அவசரம்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. அப்போதும் யாரும் எழும்பவில்லை.

"ப... ப... பஸ் கெடச்சதுக்கு நன்றி, ஆண்டவரே."

ஆமென் சொன்ன பிறகுதான் அடுப்புக்கு ஓடினார்கள். கருகிய பருப்பைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

அங்கே பெற்றோர் ஆளுக்கொரு பாடம் எடுக்க வேண்டும். நான் தையல் எடுக்கிறேன். கணக்குக்கு ஆளில்லை என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை. உங்கள் பெயரைக் கொடுத்தது கெசியாதான்.

வாருங்கள். பிரம்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அவள் விடை சொல்லும்போது, பருப்பு கருகினாலும் காத்திருங்கள்.

வீட்டிலிருந்து,
நான்