சரிசெய்த மணல்

மார்ச் 4, திங்கள்

குஷாய்குடாவில் எங்கள் ஆய்வகத்தில் காலையிலேயே கரண்ட் போய்விட்டது. நிலநடுக்கம் போலவே ஆட்டிக் காட்டும் நடுக்க மேசை பதினொன்றரைக்குத்தான் ஓடியது. கண்ணாடிப் பெட்டியில் மணல் சரிவு, அதில் கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறங்கும் ஆறு சின்னப் பைல் தூண்கள். போன மாதம் நிலநடுக்கம் கண்ட வடகிழக்கு ஆற்றங்கரைக் குடியிருப்பின் குட்டி நகல். அங்கிருந்த நாற்பது குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் கிடக்கின்றன. கட்டடம் இன்னொரு நடுக்கத்தைத் தாங்கும் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் வீடு.

முதல் ஆட்டம் போன மாத நடுக்கம், இரண்டாவது இனி வரக்கூடியது. முதல் ஆட்டம் முடிந்ததும் தலைவலி. பெட்டியைச் சரியாகப் பார்க்காமலே கான்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்து இரண்டாவதை ஓட்டினேன். தூண்கள் அவ்வளவாக வளையவில்லை. எனக்கே ஆச்சரியம். முதல் ஆட்டத்தில் மணல் இறுகியிருக்கும்.

மார்ச் 6, புதன்

கட்டடம் தாங்கும் என்று அறிக்கை போய்விட்டது. அடியில் என் கையெழுத்து.

மார்ச் 8, வெள்ளி

அங்கே சைட் இன்ஜினியராக இருக்கும் ஆண்டனி போன் செய்தார். அவர் மனைவி ஷோபாவும் மகளும் அந்த நாற்பது குடும்பங்களோடுதான் இருக்கிறார்கள். "பள்ளிக்கூடத்துல பாப்பாவுக்கு ஒரே இருமல் மேடம். ஷோபாவையும் பாப்பாவையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரட்டா?"

"தாராளமா" என்றேன்.

மார்ச் 14, வியாழன்

சோதனை வீடியோவை இன்றுதான் முழுசாகப் பார்த்தேன். நான் டீ குடிக்கப் போன நேரம். ஆய்வக உதவியாளர் செல்லப்பா கரணையோடு வருகிறார். அடியில் சரிந்து கிடந்த மணலை அள்ளி மேலே போட்டு, தட்டி, வளைந்த தூண்களை நிமிர்த்தி, பழைய சரிவாக்குகிறார். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஆமா மேடம், எப்பவும் பண்ணுறதுதானே? சரிஞ்சு கெடந்தா அசிங்கமா இருக்காதா?"

இருபது வருடமாக ஒவ்வொரு சோதனையும் ஒரே ஆட்டம்தான். முடிந்ததும் சரிசெய்வதுதான் அவர் வேலை. இந்த முறை தொடக் கூடாது என்று நான் சொன்னேனா? இல்லை. ஆற்றங்கரையில் எவன் வந்து மணலை மேலே ஏற்றி வைத்தான்?

டைரக்டர் பக்தவத்சலம் சாரிடம் ஓடினேன். "திங்கக்கிழமை மறுபடி ஓட்டிப் பாருங்க. அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார்.

ஆண்டனியின் எண்ணை எடுத்தேன். அழைக்கவில்லை. ஏன்டி? வேலை போய்விடும் என்றா?

மார்ச் 16, சனி

அங்கே மறுபடி நடுக்கம். யாரும் போன் எடுக்கவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

ஆண்டனி பேசினார். கட்டடம் ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஷோபா இல்லை. பாப்பா இருக்கிறாள். மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 18, திங்கள்

மறுசோதனை. மணலை யாரும் தொடவில்லை. முதல் ஆட்டத்தில் வளைந்த தூண்கள் நிமிரவே இல்லை. இரண்டாவதில் சரிந்த மணல் இன்னும் தள்ள, மணலுக்கடியில் கெட்டித்தரை தொடங்குமிடத்தில் நாலு தூண்கள் ஒடிந்தன. செல்லப்பா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் கணக்கெடுத்தேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

விசாரணை. செத்தது பதினொரு பேர். "செல்லப்பா தப்புன்னு எழுதிடுங்க, முடிஞ்சிரும்" என்றார் சார். நான் சொல்லிக்கொடுக்காததால் வந்த தப்பு அது, எழுத மாட்டேன் என்றேன்.

பிழை தெரியவந்த தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. சார் தன் தாளில் மார்ச் 18 என்று போட்டிருந்தார். நான் 14 என்று போட்டேன்.