சப்பாத்துக்குள்ள ஐடி

சுகந்தி, நான் சோம்பேறியெண்டு நேற்றுக் கத்தினியே, உண்மையா அப்பிடித்தான் நினைக்கிறியா?

டொக்டர் சொல்றார், இது சோம்பல் இல்லையாம். சின்னனில இருந்தே ஏடிஎச்டி எண்ட கவனக்குறைபாடு இருக்காம். எல்லாரையும் போல இருக்கப் பாத்துப் பாத்தே களைச்சு விழுந்திட்டனாம். ஒரு மாதம் ஆறட்டாம்.

உன்னில எனக்குப் பொறாமைதான் தங்கச்சி. ஐடி எண்ட அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, வீட்டுத் திறப்பு ஒண்டையும் நீ மறக்கிறேல்லை. நான் ஐடி இல்லாமல் ரெண்டுதரம் வெள்ளவத்தை ஆமிச் செக்பொயின்ரில குந்தியிருந்தனான். டொக்டர் சொல்றார், இனி ராவில ஐடியைச் சப்பாத்துக்குள்ள வைக்கட்டாம். காலை விடேக்க தட்டுப்படுமாம்.

கொட்டாஞ்சேனைக்குப் போட்டு வாறன். பருப்பைச் சூடாக்கு. அடுப்பு நூத்ததை மூண்டுதரம் பாத்தனான்.

பி.கு: பாண் வாங்க மறந்திட்டன். அம்மாவுக்குச் சொல்லாதை.

அடுத்தநாள் காலமை எழுதினது: தங்கச்சி, உன்ர சப்பாத்துக்குள்ளயும் நீ உன்ர ஐடியை வைச்சிருந்ததைக் கண்டனான்.