நான் எழுதி நீங்கள் கேட்ட கேள்வி

அன்புள்ள என்னங்க-வுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்துக்காகப் புதுப் பெயர் ஒன்று வைத்தால், வேறு யாருக்கோ என்று நினைத்துத் திரும்பிப் பார்க்காமல் இருந்துவிடுவீர்கள். நீங்கள் போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலை, கொள்ளை என்று செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும் பெரிய வழக்குகளில், வக்கீல் வைக்க வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவியில் ஒரு வக்கீலை வைத்துக் கொடுப்பார்கள் இல்லையா, அந்த வேலைக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். ஐம்பத்தோரு வயதில் எனக்கு இது ஏன் என்று நம் பெண் மீனாவும் கேட்டாள். நீங்கள் போனபிறகு கேள்விகள் எழுதி யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் போய்விட்டது, அதனால்தான் என்று அவளிடம் சொல்ல முடியுமா?

விண்ணப்பத்தில் ஒரு கட்டம். செஷன்ஸ் கோர்ட்டில் குறைந்தது இருபது வழக்குகள் நடத்தியிருக்க வேண்டும், தீர்ப்பு நகல்களை இணைக்க வேண்டும். நகலுக்கா நம் வீட்டில் பஞ்சம்? வக்காலத்தில் எப்போதும் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கும். அதனால் தீர்ப்பின் முதல் பக்கத்திலும் சிதம்பரம், கோமதி என்று ஜோடியாக இருக்கும். காகிதத்தை மட்டும் பார்த்தால் நான் பெரிய புலி. ஆனால் ஒரு செஷன்ஸ் வழக்கில்கூட சாட்சியின் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது, வஞ்சியூர் கோர்ட் வாசலில் டீ போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

மீனா கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய ஏற்பாடு அது. சாட்சிகள் போலீஸில் சொன்னதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு, குறுக்கு விசாரணைக்கான கேள்விகளை நான் நோட்டில் வரிசையாக எழுதுவேன். "நீ எழுது கோமதி, நான் கேக்கேன்" என்பீர்கள். குழந்தை வளர்ந்து கழக்கூட்டத்தில் இருக்கிற ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலைக்கும் போனாள், ஏற்பாடு மட்டும் மாறவில்லை. நீங்கள் பாதிக் கேள்விகளை விட்டுவிடுவீர்கள், மீதிப் பாதியில் சொந்தச் சரக்கைச் சேர்த்து வெளுத்து வாங்குவீர்கள். சாயங்காலம் வராந்தாவில் நாலு பேர் உங்களைச் சூழ்ந்துகொண்டு பாராட்டுவார்கள். பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் எனக்குப் பெருமையாகவும் இருக்கும், உங்கள் தொடையில் நறுக்கென்று கிள்ள வேண்டும் போலவும் இருக்கும்.

அப்படியென்றால் அந்த வழக்குகளை நடத்தியது யார்? எழுதினவளா, கேட்டவரா? மீனாவிடம் புலம்பினேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே, "அதெல்லாம் அம்மா எழுதின கேள்வி அல்லே? பின்னெ எதுக்கு பேடி? தைரியமா கொடு" என்று மலையாளம் கலந்து என் பயத்தைத் தட்டிவிட்டாள். அவளுக்கு எல்லாமே இவ்வளவு சுலபம். இருபது தீர்ப்புகளைப் பொறுக்கி எடுத்தேன். பெரும்பாலும் விடுதலையானவை. நாலு வருடத்துக்கு முந்தைய சுடலைமணி வழக்கை எடுத்து, அப்படியே அலமாரிக்குள் திருப்பி வைத்துவிட்டேன்.

ஏன் வைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு மீனா இதை எடுத்துப் படித்தால் அவளுக்குப் புரியட்டும் என்று சொல்கிறேன். சுடலைமணி தென்காசிப் பக்கத்துக்காரர், விழிஞ்ஞத்தில் கட்டட வேலை. சிமெண்டு வைத்திருந்த கொட்டகைக்குள் கூட வேலை பார்த்த ஒருவரைக் கம்பியால் அடித்துக் கொன்றதாக வழக்கு. ஒரே ஒரு சாட்சி, சுடலைமணியோடு ஒரே அறையில் தங்கியிருந்த இன்னொரு தொழிலாளி. மத்தியானத்தில் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன், அடித்தது சுடலைமணிதான் என்று அவர் சொல்லியிருந்தார்.

நீங்கள் நன்றாகத்தான் ஆரம்பித்தீர்கள். உள்ளே ஒரே சிமெண்டுத் தூசி. அடித்தவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தலையிலும் முகத்திலும் துண்டு சுற்றியிருந்தார். அங்கே வேலை செய்கிற எல்லாருமே அப்படித்தான் சுற்றியிருப்பார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சாட்சி "ஆமா சார்" என்றார். அதோடு நிறுத்திவிட்டு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் நோட்டைப் பார்த்து அடுத்த கேள்வியையும் கேட்டீர்கள்.

"முகத்தைப் பாக்காம, அது சுடலைமணிதான்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"இருமுனான் சார். மூணு வருசம் ஒரே ரூம்ல படுத்திருக்கேன், அவன் இருமல் எனக்குத் தெரியாதா?"

கூண்டில் சுடலைமணிக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அடக்கினார். அடக்கியதையும் நீதிபதி பார்த்தார். ஆயுள் தண்டனை.

குறுக்கு விசாரணையில் சாட்சியைப் பார்த்து 'எப்படி' என்று கேட்கக் கூடாது என்பது, கோட்டு வாங்கின முதல் வாரத்திலேயே எல்லாரும் கற்றுக்கொள்கிற பாடம். அதைப் போய் நீங்கள் கேட்டுவிட்டீர்கள் என்று வஞ்சியூர் முழுக்கப் பேச்சு. ஜூனியர் யாராவது ஒரு கேள்வி அதிகமாகக் கேட்டால் 'சிதம்பரம் சார் ஆகிவிடாதே' என்று கேலி செய்தார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். நோட்டில் அந்தக் கேள்வியை எழுதியவள் நான் என்று ஒருவரிடமும் நீங்கள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அது நமக்கு மட்டும் தெரிந்தது. அன்று காலையில் நாம் சண்டை போட்டோம். ராப்பகலாக உட்கார்ந்து எழுதுகிறேன், நீங்கள் பாதியைக் குப்பையில் போடுகிறீர்கள் என்று கத்தினேன். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டே, "சரி, நீ எழுதுனதுல ஒண்ணு விடாம இன்னைக்குக் கேக்கேன். போதுமா?" என்றீர்கள். ஒன்று விடாமல்தான் கேட்டீர்கள். எனக்கு இன்றுவரை புரியாதது இதுதான். அந்தக் கேள்வியை வாசித்துப் பார்த்தீர்களா? வாசிக்காமல் வாயில் வந்ததா? அல்லது, தப்பு என்று தெரிந்தே, எனக்குக் கொடுத்த வார்த்தைக்காகக் கேட்டீர்களா? நீங்கள் உயிரோடு இருந்தவரை கேட்கப் பயம். ஒரு வாரக் காய்ச்சலில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள் என்று நான் என்ன கண்டேன்?

நேர்காணலுக்கு வருகிறேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் ஒரு நீதிபதி. ஓரத்தில் இருந்த மூத்த வக்கீல் என் இருபது வழக்குகளைப் புரட்டிவிட்டு, சிதம்பரம் சாரின் பிரபலமான அந்த இருமல் வழக்கைக் காணோமே என்று மலையாளத்தில் கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அறையில் இருந்த இறுக்கத்தைக் குறைக்கத்தான் கேட்டார். மற்ற இரண்டு பேரும் லேசாகச் சிரித்தார்கள். எனக்கு உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நீங்கள் இல்லை, நான் உங்கள் வழக்குகளை என் பெயரில் அடுக்கி வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

"அந்தக் கேள்வி நான் எழுதினது சார்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அப்படியானால் இந்த இருபது வழக்குகளும் என்று நீதிபதி இழுத்தார். அவற்றிலும் கேள்விகள் என்னுடையவை, எழுந்து நின்று கேட்டது அவர், எது யாருடைய வெற்றி என்று பிரிக்க எனக்குத் தெரியாது என்றேன். தனியாக ஒரு வழக்காவது நடத்தியதுண்டா என்று கேட்டார். சின்ன வழக்குகள் மட்டும்தான், செஷன்ஸில் இல்லை என்றேன். அவர் ரொம்ப நேரம் எதையோ எழுதினார். வெளியே வந்து வராந்தாவில் நின்று அழுதேன். வேலை போயிற்றே என்று அழுதேனா, நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேனே என்று அழுதேனா, தெரியாது.

இரண்டு வாரம் கழித்து உத்தரவு வந்தது. எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னதற்காகவா, விதவை என்ற இரக்கத்துக்காகவா, வேறு யாரும் சரியாக விண்ணப்பிக்காததாலா? கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. தகுதி என்று காகிதத்தில் போட்டிருக்கிறது, அந்தத் தகுதி எனக்குள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு நாள் சிறைக்குப் போய், உதவி கேட்கிற கைதிகளைப் பார்ப்பதும் இந்த வேலையில் சேர்ந்தது. போன வாரம் முதல் தடவை போனேன். வரிசையில் மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் சுடலைமணி. மெலிந்திருந்தார், முடி நரைத்திருந்தது. அவர் அப்பீல் ஹைகோர்ட்டில் கிடக்கிறது, அதை நடத்துகிற வக்கீலுக்குச் சில விஷயங்களை எழுதி அனுப்ப வேண்டும், எழுதித் தர ஆள் வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சு மேடம். அந்தக் கேள்விய நீங்க வேண்டாம்னு அடிச்சு வச்சிருந்தியளாமே. சார்தான் கவனிக்காமக் கேட்டுட்டாவளாம். தீர்ப்பு வந்து மறு வாரம் சாரே இங்க வந்து சொன்னாவ."

நீங்கள் சிறைக்குப் போய் அவரைப் பார்த்ததே எனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். அடித்தல் கிடையாது, திருத்தம் கிடையாது, என் கையெழுத்தில் தெளிவாக இருக்கிறது. அடித்தேன் என்று எதற்காகப் பொய் சொன்னீர்கள்? ஆயுள் தண்டனை வாங்கின மனுஷன் முன்னால் போயா என்னைக் காப்பாற்றுவது? உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தக் கோபத்திலேயே, உங்களைப் போல இனி எனக்கு ஒருவரும் இல்லை என்றும் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள், வந்தது.

பேசாமல் தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் செய்து வைத்த ஏற்பாடு அதுதானே. நான் அவரிடம் சொல்லிவிட்டேன். கேள்வியை நான் அடிக்கவில்லை, நான்தான் எழுதினேன், அது தப்பான கேள்வி, சார் உங்களிடம் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறார் என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்.

"எங்கிட்ட எதுக்கு மேடம் சார் பொய் சொல்லணும்? நான் என்ன ஜட்ஜா?"

அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் வெளியே போயிருப்பேனா என்று அடுத்துக் கேட்டார். தெரியாது என்றேன். போயிருக்கலாம் என்றும் சொன்னேன். அவர் அந்த ஆளைக் கம்பியால் அடித்தாரா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வார்டன்கூட அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினார்.

அவர் போகவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, எழுதுங்க. எழுதி முடிச்சிட்டு எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க. அதுக்கப்புறம் அனுப்பலாம்."

எழுதினேன். வரி வரியாக வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தி, இது வேண்டாம், நான் இப்படிச் சொல்லவில்லை என்றார். அடித்தேன். இத்தனை வருடமாக எத்தனை நோட்டுகள் எழுதியிருப்பேன், எத்தனை பேருக்காக நீங்கள் நின்று பேசியிருப்பீர்கள். யாருக்காக எழுதினோமோ அவரை உட்கார வைத்து ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும் என்று நம் இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஏன்? மேஜையில் நான், கோர்ட்டில் நீங்கள். அவர்கள் கூண்டில் நின்று, தங்களுக்காக எழுதிய கேள்விகளை ஊரோடு சேர்ந்து அப்போதுதான் முதல் தடவையாகக் காதில் வாங்கினார்கள்.

திங்கட்கிழமை எனக்கு முதல் செஷன்ஸ் வழக்கு. ஒரு ஹோட்டல் தொழிலாளி, கொலை முயற்சி என்று குற்றச்சாட்டு. கேள்விகளை எழுதிவிட்டேன். நேற்று போய் அவரிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு கேள்விகள் வேண்டாம் என்றார், எடுத்துவிட்டேன். எழுந்து நின்றால் குரல் வருமா என்று தெரியவில்லை. வரும் என்று மீனா சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

நீங்கள் அந்தக் கேள்வியை வாசித்தீர்களா என்று இனி உங்களைக் கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டேன். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். இனி நான் எழுதுவதை நானே நின்று கேட்பேன். தப்பாகக் கேட்டு ஊர் சிரித்தால், கோமதியின் தப்பு என்றே சிரிக்கட்டும். மறு வாரமே சிறைக்குப் போய், கேள்வி என்னுடையதுதான் என்று அதனால் உள்ளே போன மனுஷனிடம் நானே சொல்லுவேன், உங்களை அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
உங்களோடு ஒரே வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட
உங்கள் மனைவி
கோமதி