கூட யாரும் வரக் கூடாது

மார்ச் 11, புதன்

நாளை மகளுக்கு இரண்டாவது கீமோ. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் பொதுக்குழு கூடியது. தலைமை மனைவி. யாரும் அவள் எதிரில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம். இளைய மகன் வெளியூரிலிருந்து வீடியோவில் தலையைக் காட்டி வழிமொழிந்தான். பிறகு இலாகா பிரித்தோம். பிரார்த்தனை மனைவிக்கு. மருந்து ஏறும் நேரம் முழுக்க அவளுடைய குழு தொலைபேசியில் கூட்டாகப் பிரார்த்திக்கும். நகைச்சுவை எனக்கு. வாராவாரம் பத்திரிகையில் ஊரைக் கேலி செய்து பிழைக்கிறவனுக்குச் சொந்த மகளைச் சிரிக்க வைப்பதா கஷ்டம்?

மார்ச் 12, வியாழன்

சாய்வு நாற்காலியில் கால் நீட்டிக் கிடந்தாள். முப்பத்தாறு வயதுக்காரி, போர்வைக்குள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள். குழுவினர் ஒருவர்பின் ஒருவராக உருகினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பக்தியா, தற்காப்பா, தெரியவில்லை.

மகளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. என் வழுக்கையைத் தடவிக் காட்டி, "குடும்பச் சொத்தும்மா. உனக்குச் சீக்கிரமே எழுதி வச்சுட்டேன்" என்றேன். சிரித்தாள். நர்சும் சிரித்துவிட்டு, "நல்ல குடும்பம்மா உனக்கு" என்றார்.

"ஆமா சிஸ்டர். டிக்கெட்டே இல்லாம ஷோ நடக்குது" என்றாள் மகள்.

மேடையிலிருந்து கைதட்டலோடு இறங்கியவன் போல வீடு வந்து சேர்ந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வாய் முழுக்கப் புண். எதைச் சாப்பிட்டாலும் தகரத்தை நக்குவது போல இருக்கிறதாம். "என் கட்டுரையைப் படிச்சவங்களும் அதையேதான் சொல்றாங்க" என்றேன். புண்ணோடு சிரித்தாள்.

மார்ச் 21, சனி

மகளின் வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். எங்களோடு வந்து இரு என்றால் கேட்பதில்லை. அங்கே முன்னாள் சம்பந்தி அம்மாள் உட்கார்ந்திருந்தார். விவாகரத்தாகி மூன்று வருடம். மாப்பிள்ளை போய்விட்டார், மாப்பிள்ளையின் அம்மா போகவில்லை. மகளுக்கு அவர் இன்றும் அத்தைதான். நான் அவருக்கு வைத்த பெயர் 'கடவுளின் அந்தரங்கச் செயலாளர்'. எதற்கெடுத்தாலும் கையைக் கூப்புகிற பெண்மணி. ஒரு மணி நேரம் இருந்தார். ஒரு வார்த்தை பேசியதாக நினைவில்லை.

அவர் போனதும், "செயலாளர் அம்மா இன்னைக்குக் குறிப்பெடுக்க மட்டும் வந்தாங்களோ?" என்றேன்.

"விடுங்களேன்ப்பா."

சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

மார்ச் 28, சனி

அடுத்த தடவையிலிருந்து ஆஸ்பத்திரியில் கூட யாரும் வரக் கூடாதாம். தொற்று பயமாம். போகவர அவர்களே வண்டி அனுப்புவார்களாம். மகள் தொலைபேசியில் சொன்னாள்.

"பெத்தவங்ககூடவா?" என்று மனைவி கத்தினாள்.

"அம்மா, கடவுளே வந்தாலும் வாசல்ல உட்காருங்கன்னுதான் சொல்வாங்க."

மனைவி அழுதாள். எனக்கு அழத் தெரியாது. கட்டுரை எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

மூன்றாவது. நாங்கள் வீட்டில். குழு வழக்கம்போல ஸ்பீக்கரில். கூடத்தில் நோயாளி இல்லாத குறை ஒன்றுதான்.

ஏப்ரல் 20, திங்கள்

கட்டுரை முடிந்துவிட்டது. தலைப்பு: 'தனியாக நோவது எப்படி?'. பிள்ளையின் கையைத் தாயார் பிடித்தால் கிருமி வரும், கட்டணக் கவுண்டரில் அதே கையை நீட்டினால் வராது என்று ஒரு வரி. ஆசிரியர் தொலைபேசியிலேயே கைதட்டினார். பிரமாதமாக வந்திருக்கிறது, மறைப்பதற்கில்லை. விதியின் வாசகத்தை மட்டும் சரிபார்க்க வேண்டும். வியாழக்கிழமை நேரே போய்க் கேட்டுவிடுகிறேன். கேலி செய்கிறவனுக்குத் தகவல் பிசகக் கூடாது.

ஏப்ரல் 23, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு இதையும் ஒரு வேடிக்கைக் கதையாக மாற்றிவிடுவேன்.

கட்டுரையை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அதே நர்ஸ். அடையாளம் தெரிந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை; சண்டைக்கு வந்தவன் சிரிக்கக் கூடாது.

"கூட யாரும் வரக் கூடாதுன்னு போட்டிருக்கீங்களே, அந்த உத்தரவை நான் பார்க்கணும்."

"எந்த உத்தரவு சார்?"

"தொற்று பயம்னு..."

"அப்படி எதுவும் இல்லையே சார். ஒருத்தர் கூட இருக்கலாம். உங்க பொண்ணோட அவங்க அத்தை உள்ளேதானே இருக்காங்க. நீங்க மாத்தி உட்காரப் போறீங்களா?"

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். சன்னலோர நாற்காலி. செயலாளர் அம்மாள் ஒரு ஸ்டூலில். என் மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். லேசாக இல்லை. முதுகு குலுங்க, மூக்கு ஒழுக, அந்த அம்மாளின் சேலையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு. நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் பெண் தைரியசாலி என்று எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்!

அம்மாள் தட்டிக்கொடுக்கவில்லை, தேற்றவில்லை. சும்மா இருந்தார். எதற்கோ நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். தலையை மிக லேசாக ஆட்டினார். வேண்டாம், போய்விடுங்கள்.

போய்விட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் பேச்சைக் கேட்டேன்.

ஏன் என்னிடம் பொய் சொன்னாள்? நான் என்ன செய்தேன்? சிரிக்கத்தானே வைத்தேன்?

ஏப்ரல் 24, வெள்ளி

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். தகவல் தப்பு என்றேன். "இத்தனை வருஷத்துல நாம எப்ப சார் தகவல் பார்த்தோம்?" என்று ஆசிரியர் அங்கலாய்த்தார்.

ஏப்ரல் 27, திங்கள்

சம்பந்தி அம்மாளே கூப்பிட்டார்.

"சம்பந்தி, நீங்க வந்ததை நான் அவகிட்ட சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

"என் மேல கோபமா அவளுக்கு?"

"ஐயோ, கோபம் இல்ல. 'அப்பா ஜோக் சொல்லி நான் சிரிக்கலைன்னா அவர் முகம் விழுந்துடும் அத்தை, அதைப் பார்க்க முடியல'ன்னா. அம்மாவோட கூட்டத்துல அத்தனை பேரும் உருகுறப்ப இவ தெம்பா குரல் கொடுக்கணுமாம். மருந்தைவிட அதுதான் களைச்சுப்போக வைக்குதுன்னா. உங்களை எல்லாம் தாங்கி முடியல அவளுக்கு."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அவருக்கு அது பழக்கம், எனக்கு இல்லை.

"நீங்க அங்க என்னதான் பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ணமாட்டேன். மனசுக்குள்ள கடவுள்கிட்ட சொல்லிக்கிட்டு இருப்பேன்."

"அவர் பதில் ஏதாவது சொல்றாரா?"

"பாருங்க, ஆரம்பிச்சுட்டீங்க."

ஆமாம். ஆரம்பித்துவிட்டேன்.

மே 3, ஞாயிறு

மனைவியிடம் சொல்லிவிட்டேன். வீடு இடிந்து விழும் என்று எதிர்பார்த்தேன். கேட்டுவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரம் ஒன்றும் உருளவில்லை. திரும்பி வந்து, "அழறதுக்கு ஒரு இடம் வேணும்னு நம்ம யாருக்குமே தோணலையே. தீர்மானம் வேற போட்டேன்" என்றாள்.

பிறகு, "அந்தம்மா அத்தனை நேரமும் பட்டினியாவா உட்கார்ந்திருக்காங்க?" என்றாள்.

மே 14, வியாழன்

ஐந்தாவது. மனைவி விடியும் முன்பே எழுந்து சூப் வைத்தாள். சம்பந்தி வீட்டு வாசலில் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகளிடம் தன் சமையல் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னோம். "பொய் சொல்லணுமா?" என்று தயங்கினார். "இந்தக் குடும்பத்துல அதெல்லாம் சகஜம்" என்றேன். சிரித்தார்! மூன்று வருடத்தில் முதல் தடவை. என் ஜோக்கையெல்லாம் இத்தனை நாள் எங்கே செலவழித்திருக்கிறேன் பார்.

குழுவை இன்று ஸ்பீக்கரில் போடவில்லை. மனைவி உள்ளறையில் தனியாக உட்கார்ந்து முணுமுணுத்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூன் 4, வியாழன்

ஆறாவது. கடைசி. மாலையில் போனபோது சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வழியில் மூன்று ஜோக் தயார் செய்திருந்தேன். பழக்கம்தான், வேறென்ன. ஒன்றையும் சொல்லவில்லை. அரை மணி கழித்து, "உடம்பு சரியில்லையாப்பா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

ஜூன் 23, செவ்வாய்

ஸ்கேன் வந்துவிட்டது. கட்டி போகவில்லை. ஈரலுக்குப் பக்கத்தில் புதிதாகவும் ஒன்று. வேறு மருந்து போட்டுப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். பார்க்கலாம். அந்த 'லாம்' மட்டும் காதில் நிற்கிறது.

மனைவி, "நான் சரியா வேண்டிக்கலையா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறாள்! பதில் தெரிந்த மாதிரி ஒரு கிண்டல் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். "நீ நல்லாத்தான் வேண்டிக்கிட்ட" என்றேன். அது எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 26, வெள்ளி

மகள் வந்திருந்தாள். காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"வியாழக்கிழமை புது மருந்து ஆரம்பிக்கறாங்கப்பா."

"ம்."

"கூட ஒருத்தர் வரலாமாம் இப்ப."

"விதியை மாத்திட்டாங்களா?"

"மாத்திட்டாங்க."

என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்தைக்கு முட்டி வலி, அவ்வளவு நேரம் உட்கார முடியல. நீங்க வர்றீங்களா?" அப்புறம், "ஆனா உள்ளே பேசக் கூடாதாம்."

"நல்ல ஆஸ்பத்திரி" என்றேன்.

நான் அன்று வந்து பார்த்தது தெரிந்துதான் கூப்பிடுகிறாளா? நான் கேட்கப் போவதில்லை. முதல் மருந்து பலித்திருந்தால் இந்த நாற்காலி எனக்குக் கிடைத்திருக்காது. கிடைக்காமலே போயிருந்தாலும் பரவாயில்லை. அவள் என்னிடம் ஆயுளுக்கும் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருக்கலாம்.

ஜூலை 2, வியாழன்

பேசவில்லை.

ஊசி குத்தும்போது ஒன்றுமில்லை. பாதி மருந்து இறங்கிய பிறகுதான் ஆரம்பித்தாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன செய்ய வேண்டும் என்று கண்ணாடிக்கு வெளியே நின்று ஒருமுறை பார்த்திருக்கிறேன்: ஒன்றும் செய்யக் கூடாது. அது இவ்வளவு பெரிய வேலை என்று வெளியிலிருந்து தெரியவில்லை. மனதுக்குள் ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று 'இவளை' என்று தொடங்கினேன். மேற்கொண்டு வரவில்லை. 'இவளை', 'இவளை' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வாசலிலேயே மறித்துக்கொண்டாள்.

"சிரிச்சாளா?"

"இல்ல. அழுதா."

கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"உங்ககிட்டயா?" என்று கேட்டாள்.