பின்னால் கேட்ட இருமல்

மதிப்பிற்குரிய என் கணவருக்கு,

தாங்களும் அத்தையும் நம் மகளும் நலமென நம்புகிறேன், நான் நலமே.

வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் என் பயிற்சிக்காலம் முடிகிறது. வேலை நிரந்தரமாகுமா என்பதைத் திங்களன்று சொல்வார்கள். இதற்கிடையே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கார்டு முடங்கிவிட்டதென ஒரு பெண் அழைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு குழந்தை விடாமல் இருமியது. பிறந்த தேதியைக் கேட்டு அவரைச் சரிபார்க்க வேண்டிய நான், "முதல்ல பிள்ளைக்கு வெந்நீர் குடுங்கம்மா, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் திரும்பி வந்து, "அக்கா, இன்னுமா இருக்கீங்க?" என்று வியந்தார்.

அந்த அழைப்பின் ஒலிப்பதிவைக் கேட்ட மேற்பார்வையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இது பேங்க்கா, ஆஸ்பத்திரியாம்மா? உங்களால எத்தனை பேர் லைன்ல காத்துக் கிடந்தாங்க!"

தாங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆயினும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுதி அறையில் கட்டிலுக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

ஹெட்செட் காதை அழுத்துகிறது. என் பழைய பருத்திச் சேலையில் இரண்டு துண்டு கிழித்து அனுப்புங்கள். மேலும், என்னை அழைக்கும்போது அமைதி நாடி மொட்டைமாடிக்குச் செல்லாதீர்கள், வீட்டுக்குள்ளிருந்தே பேசுங்கள். மகளுக்கு இருமல் நின்றுவிட்டதென எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் இருமல் கேட்பதில்லை.

அலுவலக வேன் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

தங்கள் மனைவி