கிழக்கு நடையில் திருப்பிய சாவி

அனுப்புநர்
தையல்கடைக்காரி,
சந்தைக்குப் பின்தெரு.

பெறுநர்
ஆய்வு அலுவலர் அவர்கள்,
தீத்தடுப்புத் துறை.

பொருள்: முதியோர் காப்பகத் தீவிபத்தில் இறந்த என் மருமகள், "தவறான இடத்திலிருந்து அபாய மணி அடித்தார்" என்று விசாரணை அறிக்கையில் உள்ள வரியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நேரில் சொல்லலாம் என்று தங்கள் அலுவலக வாசல்வரை வந்து திரும்பினேன். பேச்சு வருவதற்குள் அழுகை வந்துவிடுகிறது. அதனால் எழுதிக் கொடுக்கிறேன்.

1. இறந்தவள் என் மகனின் மனைவி. காப்பகத்தின் முதல் மாடியில் பணிப்பெண்ணாக இருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவுக்கே தெரியும். குழம்பில் உப்பு கூடினால் சண்டை, கதவை ஓங்கிச் சாத்தினால் சண்டை. ஆகவே மருமகளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவள் எழுதிய மனு என்று தாங்கள் இதை ஒதுக்க வேண்டியதில்லை.

2. அங்கிருப்பவர்கள் மறதி நோய் கண்ட பெரியவர்கள். சுவரிலிருந்த பழைய அபாயப் பெட்டியை யாராவது அழுத்திவிடுவதும், தீயணைப்பு வண்டி வீணாக வந்து போவதும் வாடிக்கையாம். அதனால் சாவி போட்டுத் திருப்பினால் மட்டும் மணி அடிக்கும் பெட்டிகளை வைத்தார்கள். பணியாளர் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு சாவி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் உண்டு. எந்தப் பெட்டியில் சாவி திரும்புகிறதோ, அந்த இடத்தின் பெயர் கீழே அலுவலகப் பலகையில் எழுத்தாக வரும். ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை.

3. கேட்ட பெட்டிகள் வரத் தாமதம் என்று, மாட்ட வந்த ஆட்கள் வேறு கடையில் கிடைத்ததை வாங்கி அவசர அவசரமாக மாட்டியிருக்கிறார்கள். அப்போது முதல் மாடியில், அறைகளை ஒட்டிப் போகும் கிழக்கு நடையின் எண்ணை மேற்குப் பெட்டியிலும், மேற்கின் எண்ணைக் கிழக்குப் பெட்டியிலும் மாற்றி வைத்துவிட்டார்கள் என்பதே என் புகார். சோதனை என்று ஏதோ ஒரு சாவியைத் திருப்பினார்களாம், மணி அடித்ததாம், தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினார்களாம். பலகையில் என்ன பெயர் வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. இதைக் கண்ணால் பார்த்தவர் காப்பகத்துச் சமையல்காரம்மா. ஐயா, இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்தாலும், மடித்து வைத்தால் அது சட்டைதான். போட்டுப் பார்த்தால்தானே தெரியும்?

4. அன்று மதியம் கிழக்கு நடையில், துணி வைக்கும் அறையிலிருந்து புகை வந்தது. என் மருமகள் அங்கிருந்த பெட்டியில் சாவியைத் திருப்பினாள். மணி அடித்தது. பலகையில் "முதல் மாடி மேற்கு" என்று வந்தது. எல்லோரும் மேற்கே ஓடினார்கள். அங்கே ஒன்றுமில்லை. வழக்கம்போல வீண் மணி என்று நிறுத்திவிட்டார்கள். இவளோ ஆள் வருகிறார்கள் என்று நம்பிக்கொண்டு, படுக்கையிலிருந்த இரண்டு பேரை ஒவ்வொருவராக இழுத்து வெளியே விட்டாள். மூன்றாமவரைத் தூக்கப் போனவள் திரும்பவில்லை. நெருப்பு அவளைத் தொடவில்லை, புகைதான் கொன்றது.

5. அவள் முதலில் மேற்கே ஓடி மணியடித்துவிட்டுத் தாமதமாகத் திரும்பினாள் என்கிறது அறிக்கை. அவளுடைய சாவி கிழக்குப் பெட்டியில், திரும்பிய நிலையிலேயே இருந்தது. அதில் கட்டியிருந்த நீல நாடா என்னைக் கேட்காமல் என் கடையில் வெட்டியது. அதற்கும் நான் சண்டை போட்டிருக்கிறேன். கிழக்கில் சாவி திரும்பியிருக்க, பலகையில் கிழக்கு என்று ஒரு தடவைகூட வராதது எப்படி? இதை யாரும் கேட்கவில்லை.

6. பிழைத்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். பெற்ற பிள்ளையின் பெயர்கூட அவருக்கு நினைவில்லை. ஆனால் யார் போனாலும் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறார்: "சாவி போட்டுட்டேன் தாத்தா, ஆள் வந்துட்டே இருக்காங்க, பயப்படாதீங்க." மறதிக்காரரின் சாட்சி செல்லாது என்று எழுதிக்கொள்ள மறுத்துவிட்டார்கள்.

7. அறிக்கையைப் படித்ததிலிருந்து என் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தன் மனைவி பயந்து ஓடினாள் என்று நம்புகிறான். இல்லையடா என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "உயிரோட இருந்தப்ப அவளப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னியாம்மா, இப்ப மட்டும் ஏன் சொல்ற?" என்கிறான். அவள் இருந்து என்னோடு மல்லுக்கு நின்றால் போதும் என்றிருக்கிறது, ஐயா.

ஆகவே, அந்த வரியை நீக்கி உத்தரவிடவும், இதே ஆட்கள் மாட்டிய மற்ற கட்டடங்களிலும் ஒவ்வொரு பெட்டியையும் பலகையோடு ஒத்துப் பார்க்கவும் வேண்டுகிறேன். மேற்குப் பெட்டி தீயில் படாமல் அப்படியே இருக்கிறது. தாங்கள் ஆளனுப்பி அதில் சாவியைத் திருப்பும் நாளில், என் மகனைக் கீழே பலகைக்கு முன்னால் நிற்க அனுமதிக்க வேண்டும். கிழக்கு என்று வருவதை அவன் தன் கண்ணால் படிக்கட்டும்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: சந்தைக்குப் பின்தெரு

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
இறந்த பணிப்பெண்ணின் மாமியார்