மெல்பர்னில் இருக்கும் மிச்சம்

ஆசை மாமாவுக்கு,

வாசல் நிலைக்கு மேலே உங்கள் கைத்தடம் மறுபடியும் வந்திருக்கிறது. நீங்கள் போன பிறகு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. பெயிண்டர் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "பழைய எண்ணெய் உள்ளுக்குள்ள ஊறியிருக்குதுங்க அம்மணி, அதானுங்க தெரியுது" என்றார். சரியென்று தலையாட்டினேன். ஆனால் முன்பு இருந்ததைவிட ஒரு சாண் மேலே இருக்கிறதே, மாமா?

அந்த உயரத்துக்கு இந்த வீட்டில் வேறு யார் எட்டுவார்கள்? மெல்பர்னில் சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடிய கால்கள் உங்களுடையவை. அந்த ஊர் ஆட்டத்தில் முட்டை வடிவப் பந்து மேலே வந்தால், முன்னால் நிற்பவன் தோளில் முழங்காலை ஊன்றி ஏறிப் பிடிப்பீர்களாம். விழும்போது தலை எத்தனை முறை தரையில் மோதியதோ, உங்களுக்கே தெரியாது. நான் கழுத்தை நீட்டியபோது நீங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து ஆர்.எஸ்.புரத்தில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தீர்கள். உங்கள் ஆட்டத்தை நான் வீடியோவில் பார்த்ததோடு சரி.

கொஞ்ச வருடம் நன்றாகத்தான் இருந்தோம். அப்புறம் கடைக்குப் போகும் வழி மறந்தது. ஓயாத தலைவலி. மிக்சி சத்தம் கேட்டால் போதும், தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு எகிறிக் குதித்து நிலைக்கு மேலே அறைவீர்கள். ஒருநாள் என்னை அறைந்தீர்கள். அது ஒரு நாளோடு நிற்கவும் இல்லை.

அடித்துவிட்டு நீங்கள்தான் அழுவீர்கள். "கோமதி, அடிக்கறது நானா, இந்த மண்டையா? நான் போனதுக்கப்பறம் மூளைய அங்க அனுப்பிப்போடு. அறுத்துப் பாத்துச் சொல்லுவாங்க." அங்கே உங்களோடு ஆடியவர்களும் அப்படிக் கொடுக்கிறார்கள் என்றீர்கள்.

அனுப்பினேன். மிச்ச உடம்பைத்தான் எரித்தோம். பேரூரில் சாம்பலைக் கரைத்தபோது உங்கள் அம்மா அழவில்லை. "முழுசா குடுக்கலியே கண்ணு. மீதி அங்க இருக்கறப்ப எம்பையன் எப்படிப் போவான்?" என்று மட்டும் கேட்டார்.

அத்தை சொன்னதுபோலத்தான் நடக்கிறது. சாயங்காலம் மிக்சியைப் போட்டால், கூடத்தில் யாரோ தொம்மென்று குதித்து இறங்குகிறார்கள். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லை. அத்தை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பாத்துடா, தலை பத்திரம்" என்கிறார். எனக்கு அவரைப் பார்த்தும் பயம்; எழுந்து வாசலுக்கு ஓடிவிடுவேன்.

நேற்று மெல்பர்ன் டாக்டர் ஃபோன் செய்தார். ஆட்டத்தில் பட்ட அடிகளால் மூளை ரொம்பவே கெட்டுப்போயிருந்ததாம். வழி மறந்தது, கை நீட்டியது எல்லாம் அதனால்தான் என்று நினைக்கிறாராம். அடித்தது நீங்கள் இல்லை, மாமா. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

ஆராய்ச்சி முடிந்துவிட்டது, மிச்சத்தைத் திருப்பி அனுப்பட்டுமா என்றும் கேட்டார். அத்தை பக்கத்தில் நின்று, "வரச் சொல்லிப்போடு கண்ணு. எரிச்சுப்போட்டா அவனும் நிம்மதியா போயிருவான்" என்றார். அடிக்காத மனுஷன் நேற்றுத்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தார். அவரை இன்றைக்கே எப்படி அனுப்புவேன்?

வருஷத் திதி வரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அப்புறம் நானே வாங்கி, நானே எரித்து, முழுசாக அனுப்பிவைக்கிறேன். இது சத்தியம். அதுவரை வாருங்கள், இனி எழுந்து ஓட மாட்டேன்.

உங்கள் சம்சாரம்,
கோமதி